கண்ணாடி இறக்க ஓர் இடம்

அவர் எங்கள் கடைக்குள் ஒருநாளும் நேராக நடந்து வந்ததில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து வருவார். எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் போகிற பெரிய ஷீட்டுகள் இரண்டு பக்கமும் மரச் சட்டங்களில் சாய்ந்து நிற்கும். நடுவில் தாராளமாக நாலடி வழி உண்டு. லோடுமேன் ஏழுமலை அந்த வழியில் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி போவார். இவர் வெறுங்கையோடு வருவதற்கே மூச்சை அடக்கிக்கொள்வார். மற்ற நாளெல்லாம் ரப்பர் செருப்புப் போடுகிற மனிதர், எங்கள் கடைக்கு வருகிற நாளில் மட்டும் கறுப்பு ஷூ மாட்டிக்கொண்டு வருவார்.

"சார், கண்ணாடி ஒண்ணும் கடிக்காது. நேரா வாங்க" என்பேன்.

"கடிக்காதுக்கா. ஒருவேளை கால் தடுக்கிச்சுன்னா?"

அந்த 'ஒருவேளை'தான் அவர். வார்டு ஆபீஸில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தார். எந்த வார்டு என்று சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் வேலை ஆக வேண்டியிருக்கிறது. காலடிப்பேட்டையிலிருந்து நடந்து போகிற தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. 'ஒருவேளை சார்' என்றால் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். எனக்குப் பெயர் தெரியும். அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் கல் கதையைத்தான் சொல்வேன். ஒருநாள் எங்கள் கடைக்கு எதிரே நடுரோட்டில் ஒரு பெரிய கருங்கல் கிடந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, அதை உருட்டி ஓரத்தில் போட்டார். நாலு எட்டு போயிருப்பார், திரும்பி வந்து கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மறுபடியும் உருட்டிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே வைத்தார். நான் வாசலுக்கு ஓடினேன்.

"என்ன சார் இது?"

"ஒருவேளை கீழ பள்ளம் கீதுன்னு யாராச்சும் அடையாளத்துக்கு வெச்சிருந்தா? நான் எட்துட்டு பூட்டேன்னா, பைக்ல வர்றவன் வுழுவானே."

பள்ளம் இல்லை. அவரே குனிந்து தட்டிப் பார்த்தார். ஆனாலும் பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து வந்து கல்லுக்கு அடியில் செருகி, ஏழுமலையின் சிவப்புத் துண்டைக் கேட்டு வாங்கி அதில் கட்டி, ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்க்கிற வரையில் வெயிலில் நின்றார். ஏழுமலை ஒரு மணி நேரம் துண்டில்லாமல் வியர்வையோடு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு அரசாங்கம் எப்படி ரோடு போடுகிறது என்று நான் அன்று சிரித்தேன்.

சிரிப்பெல்லாம் என் மனு அவர் கைக்குப் போகிற வரைக்கும்தான்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு கடையை நான்தான் பார்க்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் லோடு வரும். முன்பெல்லாம் லாரி கடை வாசலிலேயே நிற்கும், பத்தடி தூக்கினால் உள்ளே வந்துவிடும். பிறகு தெருவைச் சீர்செய்து, புது நடைபாதை போட்டு, அதில் வண்டி ஏறாமலிருக்க முழங்கால் உயரத்துக்கு இரும்புக் குழாய்களை நட்டார்கள். பக்கத்தில் 'வாகனம் நிறுத்தாதே' பலகையும் வந்தது. மீறி நிறுத்தினால் போலீஸ் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிடும். லாரி எதிர்ப்பக்கம், மூடிக் கிடக்கும் ஒரு குடோன் சந்தில் போய் நின்றது. அங்கிருந்து ஏழுமலையும் அவர் மச்சானும் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும்.

எங்கள் ரோடு பார்த்திருக்கிறீர்களா? துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் நெரிசலுக்குப் பயந்து குறுக்கு வழியாக எங்கள் தெருவுக்குள் புகுந்துவிடும். கண்ணாடியோ, நேரே பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத சரக்கு. அதற்காக ஒவ்வொரு ஷீட்டிலும் சுண்ணாம்பால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத்தான் தூக்குவோம். "கண்ணாடி! கண்ணாடி!" என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டே வருவார்கள். கடற்காற்று வேறு. அகலமான ஷீட்டில் காற்று மோதினால் ஆளையே திருப்பிவிடும். லோடு வருகிற நாளில் எனக்குக் காலையில் இட்லி இறங்காது. கடைசி ஷீட் உள்ளே வந்த பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பேன்.

அதனால் மனுப் போட்டேன். என் கடை வாசலில் முப்பதடி நீளத்துக்குக் குழாய்களை எடுத்துவிட்டு, காலை பதினொன்று முதல் ஒரு மணி வரைக்கும் சரக்கு இறக்கும் இடமாகக் குறித்துத் தாருங்கள் என்று. கேட்டது அவ்வளவுதான். ரோடு வேலைக்கு ஆபீஸில் இடத்தைக் கதவு எண்ணால் பார்ப்பதில்லை, விளக்குக் கம்பத்தின் எண்ணால் பார்க்கிறார்கள். மாமனார் காலத்துக் கடை லைசென்ஸில் '11ஆம் எண் கம்பம் அருகில்' என்று இருந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவர் அவர். ஒருமுறை வந்து போனால் முடிகிற வேலை. பதினோரு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் புதுசாக ஒரு பயத்தோடு வந்தார். ஒருவேளை லாரி நிற்கிற நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தால்? ஒருவேளை சாவு ஊர்வலம் வந்தால், பாடை எந்தப் பக்கம் திரும்பும்? ஒருவேளை மழைத்தண்ணீர் கால்வாயின் மூடிமேல் லாரிச் சக்கரம் ஏறி அது உடைந்தால்? டேப்பைப் பிடிக்க என்னையே ஒரு முனையில் நிற்க வைத்து அளந்தார். அளந்ததை நோட்டில் பென்சிலால் எழுதினார். பேனா சட்டைப்பையில் சும்மா இருந்தது.

"பேனாவுல எழுதக் கூடாதா சார்?"

"தப்பா பூட்டா அழிச்சிக்கலாம்ல?"

மூன்றாவது தடவை வந்தபோதுதான் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு முகம் வெளிறி நின்றார்.

"அக்கா, நீங்க பதினொண்ணுன்னு எழுதிக்கீறீங்கோ. இதுல பதினாறுன்னு கீது. புது லைட்டு மாத்தசொல்ல அந்த முனைலேர்ந்து நம்பர் போட்டுட்டாங்கோ. இப்போ பதினொண்ணு, இஸ்கூல் சைடு கேட்டாண்ட கீது. ஒருவேளை ஆர்டர்ல உங்க நம்பரே பூட்ச்சுன்னா? நம்பரை மாத்தி வேற மனு ஒண்ணு குட்த்துடுங்கக்கா."

புது மனு என்றால் புதுத் தேதி. வரிசையில் மறுபடியும் கடைசி. கோபம் வந்தால் எனக்கு எங்கள் தெற்கத்தி நாசரேத் பேச்சு வந்துவிடும். "என்ன சார் வெளையாடுதீயளா? இந்தத் தெருவுக்கே இது பதினொண்ணுதான். எல்லாம் அது போதும், நீங்க எழுதுங்க" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மனுவின் ஓரத்தில் பென்சிலால் 'கம்பம் எண் சரிபார்க்கவும்' என்று சின்னதாக எழுதிக்கொண்டு போனார்.

"இந்த ஆளு இன்னாவோ எதிர்பாக்கிறாரு போல" என்றார் ஏழுமலை. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது, நல்ல பெல்ஜியம் கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி ஒன்று வெட்டி, ஓரம் தேய்த்து, காகிதம் சுற்றி நீட்டினேன். "வீட்டுக்கு வச்சுக்கோங்க சார்." அவர் இரண்டடி பின்னால் போனார்.

"வண்டில எட்துகினு போசொல்ல ஒடஞ்சா? பின்னால வர்றவன் கண்ணுல பட்டா இன்னாக்கா பண்றது?"

நான் கொடுத்தது என்ன, எதற்குக் கொடுக்கிறேன் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. பக்கவாட்டில் நடந்து வெளியே போய்விட்டார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

அவர் பதினோராவது முறை வந்துபோன வாரம், வெள்ளிக்கிழமை, ரோட்டின் நடுவில் ஒரு டிரெய்லர் கிறீச்சென்று பிரேக் அடித்தது. ஏழுமலையின் முழங்கைக்கும் அதன் முகப்புக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. மச்சான் பயத்தில் பிடியை விட்டுவிட்டான். ஷீட் தரையில் உடைந்து, ஏழுமலையின் முன்கையில் ஏழு தையல். லாரி டிரைவர் இறங்கி வந்து, "யம்மா, அடுத்த மாசத்துலேர்ந்து நான் இங்க வரல. கேஸு ஆச்சுன்னா என் லைசென்ஸ் பூடும்" என்று சொல்லிவிட்டார். லோடு வராத கண்ணாடிக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்காரர் விட்டுப்போனது இந்த ஒரு கடைதான். ஏழுமலை வீட்டுக்கும் அதுதான் சோறு.

மறுநாள் காலையில் கவுன்சிலர் வீட்டுக்குப் போய் அழுதேன். அழ வேண்டும் என்று போகவில்லை, தானாக வந்தது. அவர் ஒரே ஒரு போன் போட்டார். இரண்டே நாளில் ஆர்டர் கைக்கு வந்தது. கள அறிக்கை இல்லை, பென்சில் இல்லை, ஒருவேளை இல்லை. ஆர்டரில் '11ஆம் எண் கம்பத்திலிருந்து வடக்கே முப்பது அடி' என்று இருந்தது. நான் அதை மாதா படத்தின் முன்னால் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடை திறப்பதில்லை. அந்த வாரக் கடைசி ஞாயிறன்றுதான் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள், கம்பத்தில் பெயின்ட்டில் இருந்த எண்ணைப் பார்த்திருக்கிறார்கள். திங்கள் காலை கடைக்கு வந்தால் என் வாசலில் குழாய்கள் அப்படியே நிற்கின்றன. ஐந்து கம்பம் தள்ளி, சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டு கேட் வாசலில் குழாய்களைப் பிடுங்கி, மஞ்சள் கட்டம் போட்டு, 'சரக்கு இறக்கும் இடம்' என்று பலகையும் வைத்திருந்தார்கள்.

அப்போதே ஆபீஸுக்கு ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. நான் நினைத்தது இது: பள்ளிக்கூடம் என் கடை இருக்கிற பக்கம்தானே, ரோட்டைக் கடக்க வேண்டாமே, நடைபாதையோடு தூக்கி வந்துவிடலாமே. செவ்வாய்க்கிழமை லாரியை அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

லாரி பன்னிரண்டுக்கு மேல்தான் வந்தது. ஆறு ஷீட் வந்து சேர்ந்தது. ஏழாவதோடு ஏழுமலையும் மச்சானும் கேட்டைத் தாண்டுகிற நேரம், உள்ளே மணி அடித்துவிட்டது. எல்.கே.ஜி. பிள்ளைகளை அந்த கேட் வழியாகத்தான் விடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே அம்மாக்கள் கூட்டமாக நின்றார்கள். காற்று வேறு அடித்தது. இருவரும் ஷீட்டைக் கீழே வைக்கவும் முடியாமல், நடக்கவும் முடியாமல் கேட் எதிரிலேயே நின்றுவிட்டார்கள். நான் லாரிக்குப் பக்கத்தில் நின்று ஷீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

'ஒருவேளை சார்' எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. மஞ்சள் கட்டம் போட்ட சேதி கேள்விப்பட்டு வந்திருக்க வேண்டும். ஓடிப்போய் கேட்டைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

"யாரும் வெளிய வரக் கூடாது! தபாரு, கண்ணாடி கீது! யம்மா, அந்தாண்ட போ!"

ஒரு குட்டிப்பெண் அவர் கைக்குக் கீழே புகுந்து, அம்மாவைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் ஓடினாள். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கண்ணாடி. அவர் எட்டி அவள் பையைப் பிடித்து இழுத்தார். வார் அறுந்தது. அந்த இழுப்பில் குழந்தை பின்னால் உட்கார்ந்தாள். அவள் நெற்றி இருந்த உயரத்தில், காற்றில் திரும்பிய கண்ணாடியின் விளிம்பு மெல்லக் கடந்து போனது.

ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழந்தையின் அம்மா வந்து, "புது பேக்குய்யா! இன்னா ஆளுய்யா நீ?" என்று அவரைத் திட்டினாள். அவர் கும்பிட்டு, "தப்புதாம்மா, தப்புதாம்மா" என்றார்.

பிறகு கடைக்கு வந்து உட்கார்ந்தார். வழக்கமாக டீ கிளாஸை யார் காலும் படாத இடமாகத் தேடிச் சுவரோரம் வைக்கிறவர், அன்று கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். டீ சட்டையெல்லாம் சிந்தியது. 'நீங்கள் அன்றைக்கே சொன்னீர்களே' என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி வைத்தேன். அவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த மூன்று வாரம், செவ்வாயும் வெள்ளியும், சாப்பாட்டு நேரத்தில் வந்து அந்த கேட்டில் நின்றார். கையில் ஒரு சிவப்புத் துணி. சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "அப்பாலக்கா" என்பார். லாரியை அங்கே நிறுத்த வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. நிறுத்தாவிட்டால் ஏழுமலை மறுபடி ரோட்டைக் கடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பயத்துக்கும் நடுவில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்.

கட்டத்தை என் வாசலுக்கு மாற்ற ஆபீஸில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, ஆர்டரை ரத்து செய்து புது ஃபைல் தொடங்குவது. அதற்கு ஆறு மாதமோ, ஒரு வருடமோ. இன்னொன்று, சின்னத் திருத்தம் என்று முடிப்பது. அதற்கு, எண் எப்படித் தப்பாயிற்று என்று யாராவது ஒருவர் விளக்கம் எழுதித் தர வேண்டும். கவுன்சிலர் எழுத மாட்டார். மேலே கையெழுத்துப் போட்டவர்களும் எழுத மாட்டார்கள்.

"நான் எழுதிட்டேங்கா" என்றார் ஒருநாள். "கம்பத்து நம்பரை நான் சரிபாக்கல, மனுதாரருக்கும் சொல்லலன்னு. பேனாவுலதான் எழுதினேன். மனு ஓரத்துல பென்சில்ல கீறினதை அழிச்சிட்டேன்."

"ஏன் சார்? நான் எழுதித் தரேன். நீங்க சொல்லியும் நான்தான் கேக்கலன்னு எழுதுறேன்."

"எழுதாதீங்கக்கா. தெரிஞ்சே தப்பு நம்பர் குட்த்தாங்கன்னா ஆர்டரே கேன்சல். அப்பால லாரி எங்க நிக்கும்? ஏழுமலை ரோட்டுக்குத்தான் போவணும், இல்லன்னா இஸ்கூல் கேட்டு. ஒருவேளை நான் லீவு போட்ட அன்னிக்கு மணி அட்ச்சுதுன்னா?"

எனக்கு அப்போது நெஞ்சில் வந்தது நிம்மதி. மறைக்காமல் சொல்கிறேன். எதிர்த்து இன்னொரு வார்த்தை நான் பேசவில்லை.

பத்து நாளில் திருத்தம் வந்தது. என் வாசலில் குழாய்களை எடுத்தார்கள், மஞ்சள் கட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் குழாய்கள் திரும்ப நின்றன. அவர் வந்து கட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இப்ப சரியாக்கீது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் முதல்முறையாகக் கேட்டேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். பை அறுந்த குழந்தையின் அம்மா மேலிடத்துக்குப் புகார் எழுதியிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் லாரி நிறுத்த அனுமதி கொடுத்தது யார் என்று. அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். பின்னால் இவர், கறுப்பு ஷூவோடு. வாசலில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி வாசலிலேயே நின்று ஃபைலைப் பிரித்தார். "மனுவில நீங்க எழுதியிருக்கறது பழைய நம்பர்மா. தெரிஞ்சு எழுதியிருந்தா இந்த அனுமதி செல்லாது. தெரியாம எழுதியிருந்தா, சரிபாக்காதது இவர் குத்தம், இவர்மேல நடவடிக்கை வரும். அதனால யோசிச்சுச் சொல்லுங்க. அது பழைய நம்பர்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

ஏழுமலை லாரிக்குப் பின்னால் நின்று ஷீட்டில் சுண்ணாம்புக் குறி போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். தையல் ஆறி, தழும்பு சிவப்பாக இருந்தது. அந்தக் கையைக் காரணம் காட்டி என்னை நான் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த நொடியில் நான் நினைத்தது கையை அல்ல, கடையை.

"இல்ல சார்" என்றேன். "யாரும் சொல்லல."

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் இவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் கண் லாரிமேல் இருந்தது. ஷீட் அசைந்ததும், எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் முழங்கையை மெதுவாகப் பிடித்து, சுவரோரம் இரண்டடி நகர்த்தினார்.

"கொஞ்சம் இப்டிக்கா வந்துடுங்க சார். கண்ணாடி வருது."